பிஎச்.டி. ‘பேக்கேஜ்’ விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்: நகர்ப்புறக் கல்விக் கொள்கை ஆய்வுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, நகரத்துப் பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க நினைக்கிறவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. “என்ட்ரன்ஸ்லேர்ந்து வைவா வரைக்கும் நாங்க பாத்துக்குறோம் சார், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்கும். பணத்தைத் தவணையாகக் கேட்பார்கள். பதிவுக்கு ஒன்று, சினாப்சிஸுக்கு (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) ஒன்று, கட்டுரை வெளியிட ஒன்று, தீசிஸுக்கு ஒன்று. முதல் இரண்டு தவணை வாங்கும் வரை போனை எடுப்பார்கள். பிறகு எடுக்க மாட்டார்கள். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆய்வை முடிக்கச் சட்டம் தரும் காலத்தில் இரண்டு வருடம் வீணானால் அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

இந்தத் துறையில் ஆட்கள் எளிதாகச் சிக்குவதற்குக் காரணம் உண்டு. ‘நகர்ப்புறக் கல்விக் கொள்கை’ என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் தனித்துறையைப் பார்ப்பது அரிது. கல்வியியல், சமூகவியல், பொருளாதாரம், பொதுக்கொள்கை, நகரத் திட்டமிடல் என்று ஏதாவது ஒன்றின் கீழ்தான் பதிய வேண்டும். தில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஜாகிர் உசேன் கல்வி ஆய்வு மையம், மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம், சென்னை அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இந்தக் கேள்விகளோடு நெருங்கிய ஆய்வுகள் நடக்கின்றன. இது தெரியாதவரிடம் ஏஜென்ட், “எந்த டிபார்ட்மென்ட்ல போட்டாலும் ஒண்ணுதான்” என்பார். ஒன்றில்லை. பட்டத்தில் எந்தத் துறைப் பெயர் வருகிறதோ அதை வைத்துத்தான் பின்னாளில் ‘தொடர்புடைய பாடம்’ என்று வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். மேலாண்மைத் துறையில் காலியிடம் இருந்தது என்பதற்காக அங்கே பதிந்துவிட்டு, பி.எட். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தவிர, “பிஎச்.டி. இல்லாம லெக்சரர் வேலையே கிடையாது” என்று பயமுறுத்துவார்கள். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட், செட் எனும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை.

ஏஜென்ட் சொல்வதைச் சரிபார்க்க ஓர் ஆவணம் போதும். 2022 நவம்பரில் வெளியான யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. ஒழுங்குமுறைகள் சில பக்கங்கள்தான். உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். “ஒன்றரை வருஷத்துல முடிச்சுத் தர்றோம்” என்பது பொய்: கோர்ஸ் ஒர்க்கையும் (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு ஆக வேண்டும். அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவில் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் 2. “ஆன்லைன்லயே படிக்கலாம்” என்பதும் பொய்: தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. செல்லாது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து இங்குள்ள இணையக் கல்வி நிறுவனங்கள் விற்ற ஆன்லைன் பிஎச்.டி.யை நம்ப வேண்டாம் என்று 2022 அக்டோபரில் யுஜிசியும் ஏஐசிடிஇயும் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சேர்ந்தே அறிவித்தன. பகுதிநேரமாகச் செய்யலாம், ஆனால் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். “என்.ஓ.சி.யை நாங்களே ரெடி பண்ணிடுறோம்” என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் பெயரில் போலி ஆவணம் தயாரிக்கப்போகிறார் என்று பொருள். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் அது வேலைக்கே உலை.

வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் ‘சென்னை சென்டர்’ என்று போர்டு மாட்டிய அறை இன்னொரு அபாயம். மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்த முடியாது. பிஎச்.டி. விதிகளைப் பின்பற்றாததற்காக ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு பிஎச்.டி.யில் ஆள் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யுஜிசி தடை போட்டது. அறிவிப்பு யுஜிசி தளத்தில் இருக்கிறது. சேரப்போகும் இடத்தின் பெயரை அதோடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கைடு, அதாவது நெறியாளர். “கைடு பின்னாடி அலாட் ஆவார்” என்பதை ஏற்காதீர்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. அந்த நிறுவனத்தின் நிரந்தர ஆசிரியர்தான் நெறியாளர். வெளியாள் இணை நெறியாளராக மட்டுமே வர முடியும். எந்த நெறியாளரிடம் யார், என்ன தலைப்பில், எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்ற பட்டியலை நிறுவனம் தன் இணையதளத்தில் வைத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் விதி. பட்டியல் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். இருந்தால் கைடின் பெயரை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது திறந்து முறையியல் அத்தியாயத்தைப் படியுங்கள். பெயரும் ஊரும் மட்டும் மாறி, மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அதுதான்.

ஆய்வுக்கு அதிகம் சேதம் செய்வது ரெடிமேட் சினாப்சிஸ். தலைப்பு ‘சென்னை மாநகரப் பள்ளி மாணவர்களின் மனப்பாங்கு: ஓர் ஆய்வு’ என்ற வகையில் இருக்கும். ஐந்து புள்ளி அளவுகோலில் 40 வாக்கியம், 5 பள்ளி, 300 மாணவர்கள், ஆண் பெண் வேறுபாட்டுக்கு டி-சோதனை. இதில் கொள்கை எங்கே இருக்கிறது? எந்தத் திட்டம், எந்த முடிவு, அது யாருக்கு என்ன செய்தது என்ற கேள்வியே வராது. புள்ளியியலும் நிற்காது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். பள்ளிக்குள் அந்த ஒப்புமை அளவு 0.2 என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கு 60 பேர் வீதம் எடுத்த 300 பேர் 1 + 59 × 0.2 = 12.8 என்ற வகுஎண்ணால் சுருங்கி, ஏறக்குறைய 23 பேர் தரும் தகவலைத்தான் தருவார்கள். பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். விலைக்கு எழுதுகிறவர் அதைச் செய்ய மாட்டார். பள்ளிக்கே போகாமல் கணினியில் எண்களை உருவாக்குகிறவர் அவர். விடுபட்ட பதில் ஒன்றுகூட இல்லாத தரவும், எல்லாச் சராசரியும் 3.8க்கும் 4.2க்கும் நடுவில் நிற்பதும் அதன் அடையாளம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், மாணவர்கள் நிரப்பிய படிவங்களைக் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது.

நகரத்தைத் தெரியாதவர் எழுதியது என்பது முதல் அத்தியாயத்திலேயே வெளிப்பட்டுவிடும். சென்னையின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 46 லட்சம் என்று ஒரே வரியில் இருக்கும். 46 லட்சம் என்பது ஏறக்குறைய 175 சதுர கிலோமீட்டரில் இருந்த பழைய சென்னை மாவட்டத்தின் கணக்கு. 2011 அக்டோபரில்தான் மாநகராட்சி எல்லை விரிந்து, 155 வார்டு 200 ஆனது. விரிந்த பகுதியையும் சேர்த்தால் அதே 2011 கணக்கில் 66 லட்சத்தைத் தாண்டும். இந்த இரண்டையும் கலந்தால் பள்ளி அடர்த்தி, வார்டுக்கு எத்தனைப் பிள்ளைகள் என்ற எல்லாமே தப்பாகும். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்தான் என்பதால் இந்தப் பழைய வார்டு எல்லைகளோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். யூடைஸ் என்ற அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தரவிலும் இப்படியொரு பள்ளம் உண்டு. 2021-22 வரை பள்ளிவாரி மொத்தமாக வாங்கிய எண்ணிக்கையை 2022-23 முதல் மாணவர்வாரியாக வாங்குகிறார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து ‘சேர்க்கை சரிந்தது’ என்று முடிவு எழுதினால், கூர்மையான தேர்வாளர் அந்த இடத்திலேயே பிடிப்பார். கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களைக் கணக்கிடும்போது எல்லாத் தனியார் பள்ளிகளையும் வகுஎண்ணில் போடுவதும் வழக்கமான தவறு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம்.

ஆனால் இந்த ஊரில் நல்ல கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளிக்கு முன்னால் கிடைத்து, உதவி பெறும் பள்ளிக்குப் பின்னால் கிடைத்த ஒரு திட்டம் இது. வருகைப் பதிவேடுகளை வைத்து முன்பின் ஒப்பிட இதைவிட நல்ல அமைப்பு எளிதில் அமையாது. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்பது இன்னொரு கேள்வி. இவற்றுக்கு அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். மாநகராட்சிப் பள்ளிக்கு மாநகராட்சிக் கல்வித் துறை, மற்ற அரசுப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் கடிதம் இன்னொருவரிடம் செல்லாது. பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும், நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் களத்துக்குப் போகும் முன்பே கையில் இருக்க வேண்டும். வெளியிடாத தரவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கட்டுரை வெளியீடு என்ற பெயரில் கேட்கும் தவணை தேவையற்றது. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை 2022 விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்பதை மட்டும் அதன் விதிப் புத்தகத்தில் பாருங்கள். ‘யுஜிசி கேர் ஜர்னல்’ என்று இன்றைக்கும் விற்கிறார்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டது. ஐஎஸ்எஸ்என் என்பது இதழின் பதிவு எண்தான், தரச்சான்று இல்லை. ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களின் சர்வதேசத் தரவுத்தளம்) என்றால் அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், ஸ்கோப்பஸ் தளத்தில் நீங்களே தேடி, இதழ் இப்போதும் சேர்க்கப்படுகிறதா, நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள்.

“பிளேஜியரிசம் ரிப்போர்ட் கிளியரா தர்றோம்” என்பார்கள். யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. ஒரே சினாப்சிஸை நாலு பேருக்கு விற்றிருந்தால், முதலில் சோத்கங்காவில் ஏறியவர் தப்பிப்பார், அடுத்தவர் மாட்டுவார். பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வேடு எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே இருக்கும். பல வருடம் கழித்தும் யாராவது பிடிக்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அடுத்த தவணையை இன்றைக்கே நிறுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடல், வங்கி விவரம், ரசீது எதையும் அழிக்காதீர்கள். பதிவு நிஜமா என்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள். நிஜமென்றால், நிறுவனத்தின் மாணவர் குறைதீர் குழு. அங்கே தீராவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். சேர்க்கை வாங்கித் தருவதாக வாங்கிய பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தீசிஸ் எழுதித் தரச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பார்க்காமல் எங்கேயும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் புகாரே உங்கள் பதிவுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்டிடமும் விடக் கூடாது. பல்கலைக்கழகமே சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதுதான் யுஜிசி விதி. வைத்துக்கொண்டு மீதிப் பணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள். எந்தச் சான்றிதழ், என்ன எண், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதி, அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.