பழைய பிராட்வுட் கிராண்ட் பியானோ: ஏற்காட்டு ஈரத்துக்குத் தாங்குமா?

லண்டன் பிராட்வுட் நிறுவனத்தின் 19ஆம் நூற்றாண்டு கிராண்டுகளில் பெரும்பாலும் இருப்பது 'இங்கிலீஷ் ஆக்‌ஷன்'. ஆக்‌ஷன் என்றால் கட்டையை (கீ) அழுத்தியதும் ஹாமரைக் கம்பியில் அடிக்க வைக்கும் பொறியமைப்பு. 1772இல் லண்டனில் அமெரிக்கஸ் பேக்கர்ஸ் செய்த கிராண்டிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இன்றைய கிராண்டுகளின் ஆக்‌ஷன், எரார் என்ற பியானோ நிறுவனம் 1821இல் காப்புரிமை வாங்கிய முறையில் வந்தது. இரண்டும் கைக்கு வேறு வேறு மாதிரி பேசும்.

பிராட்வுட்டில், ஹாமரைத் தள்ளும் சிறு தண்டான 'ஜாக்', கட்டையின் பின்பகுதியிலேயே நிற்கிறது. கட்டையை அழுத்தினால் அது எழும்பி, ஹாமரின் அடியில் தோல் ஒட்டிய பள்ளத்தைத் தள்ளும். கம்பிக்கு 2, 3 மி.மீ. இருக்கும்போது நழுவிவிடும், மிச்ச தூரத்தை ஹாமர் தன் வேகத்தில் கடந்து அடிக்கும். கட்டை ஏறக்குறைய முழுசாக மேலே வந்த பிறகுதான் ஜாக் மறுபடி பள்ளத்தில் உட்காரும். எராரில் ரிப்பிட்டிஷன் லீவர் ஹாமரைத் தாங்கிப் பிடிப்பதால், கட்டை பாதி எழும்பினாலே அடுத்த அடிக்குத் தயார்.

அதனால் ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் உருப்படிகளுக்கு இது சரிப்படாது. டிரினிட்டி இசைத் தேர்வில் எட்டாம் கிரேடுக்குத் தயாராகும் பிள்ளைக்கு வாங்காதீர்கள். கிளெமென்டி, மோட்சார்ட், கோயில் பாட்டு என்றால் தெளிவும் இலகுவும் அபாரம். ஏற்காட்டுக்கு இதை நாங்கள் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் வேறு: ஒரு சுரத்துக்கு அசையும் மூட்டுகள் குறைவு. மூடுபனியில் ஊறி இறுகுவது மூட்டுகள்தானே.

கெடுவது எங்கே? முதலில் ஹாமர் மூட்டு. மூட்டில் உள்ள ஃபெல்ட் துணி உப்பி, அச்சாக இருக்கும் 'பின்' கம்பியை இறுக்கும். ஹாமர் மேலேயே நின்றுவிடும். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடவே கூடாது. எண்ணெய் பிசினாகி, பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அப்புறம் பின்னைக் கழற்றி, ஓட்டையை ரீமர் போட்டு, அரை நம்பர் பெரிய பின் போட வேண்டிவரும்.

அடுத்தது ஜாக் ஸ்பிரிங். தளர்ந்திருந்தால் முதல் அடி கேட்கும், இரண்டாவது கேட்காது. லேசாக வளைத்து விட்டால் போதும். அதிகம் வளைத்தால் தொடுகை கனத்துவிடும்.

பள்ளத்துத் தோல் தேய்ந்து தடம் விழுந்திருந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். புதுத் தோலின் தடிமனுக்கு, அதிகம் வாசிக்கப்படாத கடைசி மந்திர சுரங்களின் தோலை அளந்து எடுங்கள். ஒட்ட வஜ்ரப் பசைதான், ஃபெவிகால் போட்டால் அடுத்து பிரிப்பவர் மரத்தையே பெயர்த்து எடுக்க நேரும். தோலின் மேல் கிராஃபைட் தூள் மெல்லத் தேய்க்கலாம்.

"ரோலர் ஆக்‌ஷனாக (இன்றைய கிராண்டு முறை) மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டையின் நெம்பு அளவு, ஹாமர் தூரம் எல்லாம் மாற வேண்டும். செலவும் போய், பியானோவின் குணமும் போய்விடும்.

மலையிலிருந்து சேலத்துக்கு இறக்குவதானால் ஏப்ரல், மே வேண்டாம். ஈரத்தில் பழகிய பலகை அந்த வெயிலில் சட்டென்று சுருங்கி வெடிக்கும், கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் முளைகள் தளரும்.

வாங்கும் முன் ஆக்‌ஷனை வெளியே இழுக்கச் சொல்லிப் பாருங்கள். இழுக்கும்போது ஒரு கட்டையில்கூட விரல் படக்கூடாது. பட்டால் ஹாமர் எழும்பி, முளைப்பலகையில் மாட்டி, காம்பு முறிந்துவிடும்.