இன்சுலினைத் துபாய்க்குக் கொண்டுபோக: ஐஸ் பெட்டியா, ஈரப்பையா?

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை பார்க்க அப்பாவைத் துபாய்க்கு அழைத்துப்போனேன். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை ஊசி. கும்பகோணத்தில் டிக்கெட் போடும்போதே வீட்டில் எழுந்த கேள்வி, மருந்தை அந்தச் சூட்டில் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான். ஜெல் பேக் வைத்த சின்ன ஐஸ் பெட்டி ஒன்றும், தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பை ஒன்றும் வாங்கிக்கொண்டோம்.

திருச்சியிலிருந்து விமானத்துக்கு இரண்டுமே சரிதான். எதில் வைத்தாலும் கைப்பையில் இருக்க வேண்டும். கீழே சரக்கோடு போனால் மருந்து உறைந்துபோகலாம். டாக்டர் சீட்டும் கூடவே. (வலிக்கு டிராமடால் சாப்பிடுகிறவர்கள் அமீரகத்துக்கு முன் அனுமதி வாங்காமல் அதைக் கொண்டுபோகக் கூடாது.)

திறக்காத இன்சுலின் பேனாக்களுக்கு (மருந்து அடைத்துவரும், பேனா மாதிரி ஊசி) 2 முதல் 8 டிகிரி வேண்டும். அதற்கு ஐஸ் பெட்டியை விட்டால் வழியில்லை. ஆனால் போய் இறங்கிய பிறகு அந்தப் பெட்டியைப் பராமரிப்பது பெரும்பாடு. ஜெல் பேக்கைத் தினமும் உறைய வைக்க வேண்டும். அறையிலிருந்த குட்டி ஃபிரிட்ஜில் ஃப்ரீசரே கிடையாது. விடுதிச் சமையலறையில் கொடுத்து வைத்தோம். மறுநாள் ஷிஃப்ட் மாறியதும் அப்படி ஒன்றை வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. தேடிக் கிடைத்தது கல் மாதிரி இருந்தது. அவசரத்தில் துணி சுற்றாமல் பேனாவை ஒட்டி வைத்துவிட்டேன். மதியம் பார்த்தால் மருந்தில் ஐஸ் துணுக்கு. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. அந்தப் பேனா குப்பைக்குப் போனது.

ஈரப்பைக்கு வாஷ்பேசின் குழாய் போதும். உள்ளே இருக்கும் மணிகள் ஜவ்வரிசி ஊறுகிற மாதிரி உப்பும், அவ்வளவுதான் வேலை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் எங்கள் பாட்டி ஊசி மருந்தை ஈர மணலில் புதைத்த மண்கலயத்தில் வைத்திருந்த அதே சங்கதி. உபயோகத்தில் இருக்கும் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் தாளையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு குறை உண்டு. ஐப்பசி மழையில் பானைத் தண்ணீர் குளிராது அல்லவா? துபாயின் செப்டம்பர் இரவும் அப்படித்தான் புழுங்கும். மைதானத்தில் பைக்குள் வைத்த சின்ன வெப்பமானி 28-க்குக் கீழே இறங்கவே இல்லை. நாங்கள் இருந்தது ஐந்து நாள், பகலெல்லாம் ஏசி. நாள் முழுக்க வெளியில் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பை போதும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அங்கே ஆறரைக்கு ஆட்டம் தொடங்கும்போது நம்மூரில் எட்டு மணி, அப்பா ஊசி போட்டுச் சாப்பிட உட்காருகிற நேரம். சாப்பாடு கைக்கு வராமல் போட்டுக்கொண்டால் சர்க்கரை ரொம்ப இறங்கி 'லோ' ஆகிவிடும். சூட்டில் மருந்து இன்னும் சீக்கிரமாக உடம்பில் ஏறும். அதனால் பேனாவும் எங்களோடு மைதானத்துக்கு வந்தது. 26-ஆம் தேதி இலங்கையோடு நடந்த ஆட்டம் 202-க்கு 202 என்று சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. "முடிச்சிட்டே போவோம்டா" என்று பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டு அப்பா எழுந்திருக்கவே இல்லை. துபாயின் கராமா பகுதியில் இட்லி தட்டு மேசைக்கு வந்தபோது பதினொன்றரை. அவர் ஊசி போட்டுக்கொள்ளும்போது பையைத் தொட்டுப் பார்த்தேன். நாலு மணிக்கு நனைத்தது, இன்னும் ஈரமாக இருந்தது.