வீட்டை அலங்கோலமாக வைத்திருக்கும் அறைத்தோழர்: முறை வைப்பதா, ஆள் வைப்பதா?

கூட இருப்பவர் எதையும் எடுத்து வைக்காதவர் என்றால், வீட்டு வேலையை மாறி மாறிச் செய்ய முறை வைப்பதா, சுத்தம் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதா என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

செலவு: முறை வைத்தால் காசு போகாது. ஆள் வைத்தால் மாதாமாதம் இருவரும் பங்கு போட வேண்டும்.

நீடிப்பு: முறை போட்ட தாள் சில வாரங்களில் சுவரோடு மறந்துபோகும். அப்புறம் நினைவூட்டும் வேலையும் உங்கள் தலையில்தான். அழுக்கைவிட அந்த நச்சரிப்புதான் உறவை அதிகம் கெடுக்கிறது. ஆள் வந்தால் அந்தப் பேச்சே எழாது.

ஆனால் எச்சில் தட்டு, வாரம் ஒருமுறை வருபவருக்காகக் காத்திருக்க முடியாது. கரப்பான் இரவிலேயே மொய்த்துவிடும். அதனால் ஆள் வைத்தாலும் சமையலறைக்கு மட்டும் ஒரு விதி வேண்டும்: சாப்பிட்டவரே தூங்கும் முன் கழுவ வேண்டும்.

மறதிக்காரர் என்றால் முறை போதும். சொல்லியும் மாறாதவர், கையில் காசும் உண்டு என்றால் ஆள் வையுங்கள். பங்கு தரவும் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.