பெட்ரோல் ஆவிக் கசிவைத் தேட ஸ்மோக் மெஷின்: மதுரை வெயிலில் நீண்டநாள் பயன்பாடு

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கும் லைனில் புகையை ஏற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்மோக் மெஷின் சோதனை. சித்திரை, வைகாசியில் உச்சிப்பொழுதில் இந்தச் சோதனையைத் தொடவே வேண்டாம். டேங்க் சூடேறி பெட்ரோல் தானே ஆவியாகி அழுத்தம் கொடுக்கும். ஊசித்துளைக் கசிவு இருந்தாலும் மெஷினில் புகை ஓட்டத்தைக் காட்டும் மீட்டர் "சரி" என்று காட்டிவிடும். இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியை வெயில் ஏறுமுன் பிடித்தால்தான் காட்டுவதை நம்பலாம். டேங்கில் கால் முதல் அரைப் பங்கு பெட்ரோல் இருக்கட்டும். காலி டேங்கில் புகை நிரம்பவே நேரம் பிடிக்கும்.

மெஷின் கொடுக்கும் அழுத்தம் அரை பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு) மேல் போகவே கூடாது. கம்ப்ரெசர் லைனை ரெகுலேட்டர் இல்லாமல் கொடுத்தால் நல்லா இருக்கிற கேனிஸ்டரும் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) விரிசல் விடும். காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்தால் தீப்பிடிக்கும் என்பதால் நைட்ரஜன்தான் சரி. டயருக்கு நைட்ரஜன் பிடிக்கும் கடைகள் ஊருக்குள் நிறைய இருக்கையில், காற்றில் ஓட்டிப் பார்க்கும் ஆபத்து எதற்கு?

ஆரம்பத்தில் எல்லோரும் ஏமாறுவது வென்ட் வால்வில்தான், அதாவது கேனிஸ்டருக்கு வெளிக்காற்று போய்வரும் வழியில் இருக்கும் வால்வில். கரண்ட் இல்லாதபோது அது திறந்தே இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வழியாக மூடாவிட்டால் புகை முழுக்க அங்கேயே வெளியேறும். அந்த வால்வே இல்லாத வண்டியில் கேனிஸ்டரின் காற்றுக்குழாயை ரப்பர் கார்க்கால் அடைக்க வேண்டும். பிறகு கேனிஸ்டரிலிருந்து என்ஜினுக்கு ஆவி போகும் பர்ஜ் லைனில் புகையைக் கொடுத்து, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, அங்கே புகை எட்டிப் பார்த்ததும் மூட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மூடிப் பக்கம் வெறும் காற்றுதான் நிற்கும். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் விரிசல் விட்டிருந்தாலும் தெரியாது. மீட்டர் குழாயில் மிதக்கும் குண்டு அடியில் உட்கார்ந்துவிட்டால் கசிவு இல்லை. முன்பக்கம் திறந்த ஷெட்டில் மெல்லிய புகையைக் காற்று கலைத்துவிடும். ஃபேனை நிறுத்தி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனரில் பெரிய கசிவைச் சொல்லும் பி0455 கோடு வந்தால் முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள், அடுத்து கழன்ற ஹோஸ். அலங்காநல்லூர், மேலூர் பக்கம் வயலோரம் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி0456 கோடு என்றால் அரை மில்லிமீட்டர் அளவுத் துளை; அதற்குப் பொறுமை வேண்டும்.

என்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடிக்குள் புகை வந்தால், பர்ஜ் லைனைத் திறந்து மூடும் பர்ஜ் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இதனால்தான். வால்வை மட்டும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். பழைய வால்வைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். கரித்தூள் உதிர்ந்தால் கேனிஸ்டர் உள்ளே உடைந்திருக்கிறது. லைனை ஊதிச் சுத்தம் செய்து வால்வு, கேனிஸ்டர் இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது வால்வும் அதே தூளில் சிக்கும். பங்கில் ஆட்டோ கட்-ஆஃப் ஆன பிறகும் விளிம்பு வரை நிரப்பும் பழக்கமும் கேனிஸ்டரைக் கெடுக்கும். திரவ பெட்ரோலில் ஊறிய கரி ஆவியைப் பிடிக்காது.

மெஷினுக்கு வாசனையோ வேறு கலவையோ இல்லாத மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். புகை மெலிந்தால் ஆயிலைச் சூடாக்கிப் புகையாக்கும் காயிலில் கரி படிந்ததா, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் கார் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கியதா என்று முதலில் பாருங்கள்.