மூன்றரை வருடம் ஒரே சாண்டில்ஸ்: மணற்காட்டு மணலிலும் தியலுமப் பாறையிலும்

2022 ஜனவரியில் வாங்கிய பெல்ட் சாண்டில்ஸ் இது. பெயர் சொல்லத் தேவையில்லை, இதே அமைப்பில் கன கம்பனிகள் செய்கின்றன: மூன்று நாடாப் பட்டி, வெல்க்ரோ, நடுவில் ஈவிஏ நுரை, அடியில் ரப்பர். யாழ்ப்பாணத்தில் இருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போகிறேன், வருடத்தில் ஒருமுறை மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளுக்கு. இரண்டு இடத்துக்கும் இதே சோடிதான் வந்தது, 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களைத் தவிர.

இதற்கு முன் என்னிடம் இருந்தது மலையேறும் சப்பாத்து. கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, எடுத்துப் பார்த்தபோது புதுசு மாதிரித்தான் இருந்தது. அதை நம்பி 2021 டிசம்பரில் தியலுமவுக்குப் போனேன். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, அதன் மேற்பக்கம் பாறைகளுக்கு நடுவே குளிக்கக்கூடிய தடாகங்கள் இருக்கின்றன. அங்கே போகும் புல்வெளிப் பாதையில் பாதி தூரத்தில் வலது சப்பாத்தின் அடி அப்படியே கழன்று விழுந்தது, கையில் எடுத்தால் நுரை ரஸ்க் மாதிரி உதிர்கிறது. பிறகுதான் காரணம் விளங்கியது. அந்த நடுநுரை பொலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே அதை உள்ளுக்குள் மெல்ல உடைக்கும், எங்களைப் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் இன்னும் வேகமாக. போடாமல் பத்திரமாக வைத்தாலும் இது நடக்கும். ஈவிஏ நுரைக்கு இந்த வருத்தம் இல்லை, நாள்பட அமுங்கித் தட்டையாகுமே தவிர உதிராது. ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது நடுநுரை என்ன என்பதுதான், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியிலோ இணையத்திலோ பாருங்கள்.

சரி, மணலுக்கு வருவோம். பருத்தித்துறையில் இருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியில் வல்லிபுரம் கழிய மணற்காடு. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், இங்கே திடீரென்று வெள்ளை மணல் மேடு மேடாக எழும்பி நிற்கும், ஒரு பக்கம் சவுக்கங்காடு, இன்னொரு பக்கம் மணலில் புதைந்துபோன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத் திருவிழாவுக்குச் சின்ன வயதில் அந்தப் பக்கத்து மணலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், அந்த நடை வேறு. சாதாரண நாளில் பத்து மணி கழிந்தால் காலை வைக்க முடியாது. சவுக்கங்காயும் ராவணன் மீசை என்ற மணற்புல்லின் ஊசி இலையும் குத்துகிற குத்துக்கு அடி தடிப்பாக இருக்கத்தான் வேண்டும், இந்த ரப்பரை ஒரு முள்ளும் இதுவரை துளைக்கவில்லை.

முதல் மாதம் குதிக்காலில் தோல் உரிந்தது. பிழை செருப்பில் இல்லை, கடலில் கால் நனைத்துவிட்டு அப்படியே மணலில் ஏறியதுதான். ஈரக்காலில் ஒட்டிய மணல் பட்டிக்கு அடியில் நின்று அரம் மாதிரி அராவும், காய்ந்த கால் என்றால் ஒரு உதறலில் போய்விடும். இப்போது முதலில் மணல், கடைசியில் கடல். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போகக் கழுவி நிழலில் காயவைக்கிறேன். வெயிலில் போட்டால் ஒட்டுப்பசை விட்டுக்கொடுக்கும்.

வெல்க்ரோதான் இதில் பலவீனமான இடம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பொடி மணலும் சவுக்கு ஊசிகளும் அந்தக் கொக்கிகளுக்குள் போய் அடைந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷும் ஊசியும் வைத்து எடுத்தால் திரும்பப் பிடிக்கும், ஆனாலும் இரண்டு வருடத்தில் தளர்ந்துவிட்டது, தையல்கடையில் 400 ரூபாய்க்குப் புதிதாகத் தைத்தேன். இடது செருப்பின் முன்பட்டி மட்டும் மேலே தேய்ந்திருக்கிறது, அது மோட்டார் சைக்கிள் கியர் செய்த வேலை. மூன்றாவது வருடத் தொடக்கத்தில் முன்பக்கம் வாய் பிளந்தது. பசை போட்டு ஒட்டியது இரண்டு கிழமைதான் நின்றது. பிறகு டவுனில் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் கொடுத்துச் சுற்றிவர நைலோன் நூலால் தைத்தேன், 700 ரூபாய், இன்றுவரை அசையவில்லை. வாங்கிய கையோடேயே தைத்திருக்கலாம்.

மணற்காட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடம்பன் கொடியையும் ராவணன் மீசையையும் மிதிக்காமல், ஏற்கெனவே ஆட்கள் நடந்த தடத்தில் நடவுங்கள், மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றாதேயுங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பூண்டுகள்தான். வேர் போன இடத்தில் அடுத்த காற்றுக்கு மேடு கரைவதை இந்த மூன்றரை வருடத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன், மனம் பொறுக்கவில்லை.

நனைந்த பாறையில் இந்தச் சாண்டில்ஸ் திறமாகப் பிடிக்கும், புதிதாக இருந்த முதல் ஒன்றரை வருடம். அடியில் ஆழமான பற்கள் இருப்பது சேற்றுக்குத்தான் உதவும், வழுவழுப்பான பாறையில் வேலை செய்வது ரப்பரின் மென்மை. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதிய வேண்டும். பாசியில் எந்த ரப்பரும் நிற்காது. தியலுமவுக்குப் பக்கத்து ஊரான கொஸ்லந்தையில் எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்கார அண்ணன் ஏறும்போதே சொன்னார், "பச்சையா இருந்தா மட்டும் இல்லைங்க, கறுப்பா இருந்தாலும் மிதிக்காதீங்க, அதுவும் காஞ்ச பாசிதான்." தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறச் சொன்னதும் அவர்தான். மேலே மலையில் மழை பெய்திருக்கும், எங்களுக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

பம்பரகந்தைக்கு, 263 மீற்றர், நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி, இதைப் போட்டுப் போனது சரியான தெரிவில்லை. மழை விட்ட கையோடு போனோம், ஈரப்பாதையில் திறந்த விரல்களுக்கிடையே அட்டை ஏறி நாலு இடத்தில் கடித்தது. சவர்க்காரம் பூசிய நீளக் காலுறையோடு போட்டால் பரவாயில்லை, ஆனால் அங்கே மூடிய சப்பாத்துத்தான் நல்லது.

போன வருடம் மூன்றாம் முறையாகத் தியலுமவில் நடந்தபோது, முன்பு தைரியமாக நின்ற அதே சரிவில் குதிப்பக்கம் வழுக்கியது. கைபிடித்து நின்றுகொண்டேன், அடிபடவில்லை. திருப்பிப் பார்த்தால் குதிப்பக்கப் பற்கள் ஒன்றுமில்லை, தார்வீதியும் வெயிலும் ரப்பரைத் தேய்த்துக் கல்லாக்கியிருந்தன. மணலில் நடக்கும்போது இது தெரியவே தெரியாது, அங்கே தேய்ந்த அடியும் புது அடியும் ஒன்றுதான். அதனால் இந்தச் சோடி இனி மணற்காட்டுக்கு மட்டும். மலைக்கு அதே அமைப்பில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், சுற்றிவரத் தைக்க ஐயாவிடம் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை தருவார்.