மூன்று வருடமாகப் பைன் நட்ஸ்: ருசித்ததும் கசந்ததும்

பைன் நட்ஸ் சாப்பிடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நடுவில் ஐந்து மாதம் அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, உணவியல் படித்தவளும் இல்லை. சாப்பிட்டுப் பார்த்தவள், மாட்டிக்கொண்ட பிறகு உட்கார்ந்து படித்தவள், அவ்வளவுதான்.

தொடக்கம் மாலைப் பசியில். நாலரை மணி ஆனால் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். பைன் நட்ஸ் பசியை அடக்கும், எடையைக் குறைக்கும் என்று படித்துவிட்டு ஒரு பாக்கெட் வாங்கினேன். முதல் வாயிலேயே பிடித்துவிட்டது. பாதாம் மாதிரி கடிக்க வேண்டியதில்லை. மெத்தென்று உடைந்து வெண்ணெய் போலக் கரையும், கடைசியில் லேசாக ஒரு மரப்பிசின் மணம். பெயரில் நட்ஸ் இருந்தாலும் இது பைன் மரக் கூம்பின் செதில்களுக்கு நடுவே இருக்கும் விதை. கூம்பு முற்றவே இரண்டு வருடம் வரை ஆகும். மத்தியதரைக்கடல் பக்கத்துப் பைன் மரத்தில் மூன்று வருடம். அதன்பிறகு ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

பசி அடங்கியதா? அடங்கியது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. அந்தப் பேச்சுக்கு அடிப்படை பினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். 2008-இல் வெளிவந்த ஒரு சோதனையில், எடை கூடுதலான, மாதவிடாய் நின்ற 18 பெண்களுக்கு 3 கிராம் கொரியப் பைன் விதை எண்ணெய் கொடுத்தார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் அடுத்த நான்கு மணி நேரத்தில் கூடின. நல்ல செய்திதான். ஆனால் அது சில மணி நேரக் கணக்கு, எடை குறைந்த கணக்கு இல்லை. இன்னொன்று, இந்த அமிலம் கொரியப் பைனில்தான் நிறைய. மத்தியதரைக்கடல் வகையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. பாக்கெட்டில் இருப்பது எந்த வகை என்றே தெரியாமல் பசி அடங்கும் என்று நம்பி வாங்கியவள் நான். எனக்குப் பலன் தந்தது, பிஸ்கட் இருந்த இடத்தில் கொழுப்பும் கொஞ்சம் புரதமும் உள்ள ஒன்று வந்து உட்கார்ந்ததுதான் என்று நினைக்கிறேன். வேர்க்கடலையும் அந்த வேலையைச் செய்திருக்கும்.

சத்துக் கணக்குக்கு வருவோம். 100 கிராமில் சுமார் 670 கலோரி, 68 கிராம் கொழுப்பு, 14 கிராம் புரதம். புரதத்துக்காகச் சாப்பிடுவதென்றால் பாதாம் மேல், அதில் 21 கிராம் இருக்கிறது. பைன் நட்ஸ் உண்மையிலேயே முந்துவது மாங்கனீசில்: 100 கிராமில் 8.8 மில்லிகிராம். நான் தினம் எடுக்கும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10 கிராம் போல, ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிடும். மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் உண்டு. ஆனால் ஒரு கரண்டியில் கிடைப்பது கொஞ்சம்தான். ஒமேகா 3 நிறைய என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, மிகக் குறைவு.

முதல் வருட முடிவில் கெட்ட கொலஸ்ட்ரால் சற்று இறங்கியிருந்தது. பெருமையை இதற்குக் கொடுக்க மனசு வரவில்லை, அதே வருடம்தான் நடக்கவும் ஆரம்பித்தேன், பொரித்ததையும் குறைத்தேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல், தினம் 42 கிராம் அளவு கொட்டைகள் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பாக்கெட்டில் எழுத அனுமதி கொடுத்தது, நிரூபணம் ஆகவில்லை என்ற வாசகத்தோடு. அந்தப் பட்டியலில் பாதாம் பாதாமாகவே இருக்கிறது. இது மட்டும் ‘சில பைன் கொட்டைகள்’. எல்லா வகையிலும் நிறைவுற்ற கொழுப்பு ஒரே அளவில் இல்லை என்பதால் அந்த ‘சில’.

சமையலில் ஒரே ஒரு எச்சரிக்கை: வறுக்கும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள். வெறும் வாணலி, சின்னத் தீ, இரண்டு மூன்று நிமிடம். பொன்னிறம் வந்ததும் வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். வாணலிச் சூட்டிலேயே கருகிவிடும். நான் மூன்று முறை கருக்கியிருக்கிறேன், மூன்று முறையும் போன் பேசிக்கொண்டு. சாலட், சூப், ஓட்ஸ் மேலே தூவலாம். பேசில் இலை, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெயோடு அரைத்தால் பெஸ்டோ என்ற இத்தாலியத் துவையல். அதற்கு வறுக்காமல் போட்டால்தான் எனக்குப் பிடிக்கிறது.

வைத்திருப்பதில் நான் முட்டாள்தனம் பண்ணினேன். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி ஜாடியில் கொட்டி அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். ஒரே மாதத்தில் காறிப்போய் சிக்கு வாடை அடித்தது. பாதிக்கு மேல் கொழுப்பு, அதுவும் காற்றிலும் சூட்டிலும் சீக்கிரம் கெடுகிற வகை. ஓடு வேறு இல்லை. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். நிறைய வாங்கினால் ஃப்ரீசர்.

சரி, அந்த ஐந்து மாதக் கதை. இரண்டாவது வருடம் வழக்கமான பாக்கெட் கிடைக்காமல் வேறொன்று வாங்கினேன். பருப்பு குட்டையாக, பளபளப்பு இல்லாமல் இருந்தது. ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் கை நிறையச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை காபி கசந்தது. டிகாக்‌ஷன் கூடிவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி போட்டேன், கசந்தது. தண்ணீர் கசந்தது. வாழைப்பழம் கசந்தது. வாயில் எதுவும் இல்லாதபோது ஒன்றும் இல்லை; எதையாவது விழுங்கியதும் நாக்கின் பின்பக்கம் செம்புக் காசை ஒட்டவைத்த மாதிரி ஒரு கசப்பு. இனிப்புச் சாப்பிட்டால் இன்னும் மோசம். மஞ்சள் காமாலையோ என்று பயந்து ரத்தப் பரிசோதனைகூட எடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. “பித்தம்” என்றார் மாமனார். பதினோரு நாள் கழித்து, வந்த மாதிரியே சொல்லாமல் போனது.

இதற்கு ‘பைன் மவுத்’ என்றே பெயர் இருக்கிறது. மருத்துவ இதழில் முதலில் பதிவானது 2001-இல். சாப்பிட்ட அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் தொடங்கும். சில நாளில் போகலாம், சிலருக்கு இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். மருந்து கிடையாது, தேவையும் இல்லை, தானாகப் போய்விடும். சந்தேகம் பெரும்பாலும் விழுவது சீன வெள்ளைப் பைன் என்ற வகை மீது. என் பாக்கெட்டில் இருந்தது அதுதானா என்று சொல்ல வழியில்லை, வகையின் பெயரே அதில் அச்சிடவில்லை. எனக்குக் கோபம் இதில்தான். உப்பு எத்தனை கிராம் என்று அச்சடிப்பவர்கள் எந்த மரம் என்று ஒரு வரி போடக்கூடாதா?

இதையும் ஒவ்வாமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும்: உதடு அரிப்பு, தடிப்பு, வீக்கம், வாந்தி. மூச்சு முட்டினால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். பைன் நட்ஸில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் வரும். பாதாம் ஒத்துக்கொள்கிறவருக்கு இது ஒத்துக்கொள்ளும் என்று எந்த உறுதியும் இல்லை. பெஸ்டோவில் அரைபட்டுக் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் விருந்தாளிகளிடம் கேட்டுவிட்டுத்தான் பரிமாறுகிறேன். சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுப்பதில்லை, புரையேறும்.

மாமனார் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடியது வைட்டமின் கே என்பதால், அதைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்டோம். ஒரு கரண்டி பைன் நட்ஸில் அது அற்பம், பெஸ்டோவில் இருக்கும் பேசில் இலையில்தான் நிறைய, அதைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றார்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பியபோது கொரியப் பைன் என்று தெளிவாக அச்சிட்டிருந்த பாக்கெட்டாகத் தேடி வாங்கினேன். முதல் நாள் ஐந்தே ஐந்து பருப்பு. இரண்டு நாள் காபியைச் சந்தேகத்தோடு குடித்தேன். காபி காபியாகவே இருந்தது. அன்றிலிருந்து கை அளவு கிடையாது, கரண்டி அளவுதான். புதுப் பாக்கெட் பிரித்தால், பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டித் தேதியோடு டப்பாவில் ஒட்டிவிடுவேன். மறுபடி கசந்தால் இந்த முறை யாரைக் கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.