நான்கு மொழி வெப்சைட் என்று 64,000 ரூபாய் போய்விட்டது. கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது. தூக்கமே வரவில்லை. என்னைப் போல இன்னொருவர் மாட்டக் கூடாது என்று விடிந்ததும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறோம். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய். பாலக்காட்டிலிருந்து வாங்குகிறவர்கள் நிறைய. திருப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுக் குடும்பங்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சரி, தமிழ், ஆங்கிலம், மலையாளம், இந்தி நாலிலும் ஒரு வெப்சைட் போட்டுவிடலாம், ஓணத்துக்குள் முடித்தால் தேங்காய் எண்ணெய் நன்றாகப் போகும் என்று கணக்குப் போட்டோம். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது.

இந்த மாதிரி வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு தளத்தில்தான் அந்தத் தம்பியைப் பிடித்தேன். பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. டிசைனுக்கு 22,000, தமிழ் போக மற்ற மூன்று மொழிக்கும் தலா 14,000. மொத்தம் 64,000 ரூபாய். மொழிக்கு மட்டும் இவ்வளவா என்று இழுத்தேன். அதற்கு அவன் சொன்னதை மறக்கவே மாட்டேன். "மெஷின்ல போட்டா சல்லிசா முடிச்சிடலாம்க்கா. நான் அப்படிப் பண்றதில்ல. பாலக்காட்டுல ரிட்டயர்டான மலையாள டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் உக்காந்து எழுதித் தருவாங்க. இந்திக்கும் ஆள் இருக்கு." மெஷின் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவனாகத்தான் சொன்னான். அந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன்.

அடுத்து, தளம் வழியாகப் பணம் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், அது உங்கள் தலையில்தான் விழும், நேராக ஜிபேயில் போட்டுவிடுங்கள் என்றான். முதலில் 40,000 போட்டேன். மூன்று வாரம் கழித்து வீடியோ காலில் வந்து, மலையாளம் என்று எழுதிய பொத்தானை அமுக்கிக் காட்டினான். கண் முன்னால் பக்கம் முழுக்க மலையாள எழுத்தாக மாறியது. வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். எங்களில் ஒருவருக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது. அன்று சாயங்காலமே பாக்கி 24,000 ரூபாயும் போட்டேன்.

பத்து நாள் கழித்து பாலக்காட்டிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். "சேச்சி, இதென்ன எண்ணெய்க்கு நடுவில் பேங்க் செக் வருது?" என்றார். அவர் ஊரில் செக்கைச் சக்கு என்பார்கள். சக்கில் ஆட்டிய வெளிச்செண்ணெய் என்று எழுதினால் எந்த மலையாளிக்கும் புரியும். எங்கள் பக்கத்தில் பேங்கில் கொடுக்கிற செக் என்று இருந்திருக்கிறது.

பதறிப்போய்த் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். அதை அதுவரை நான் வரிவரியாகப் பார்க்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த தமிழ்தானே என்று விட்டுவிட்டேன். "மரக் காசோலை எண்ணெய்" என்று இருந்தது. நல்லெண்ணெய், "நல்ல எண்ணெய்" ஆகிவிட்டது. விலைக்குக் கீழே "வண்டியில் சேர்", "இலவச கப்பல்". முகப்புக்கு "வீடு".

என் நாத்தனார் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நேற்று சாயங்காலம் அவள் வந்து, பிரவுசரில் பக்கத்தின் மூலத்தை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் உண்மையில் எழுதி வைத்திருக்கிற கோடை, திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு மலையாள எழுத்து இல்லை, ஒரு இந்தி எழுத்து இல்லை, தமிழும் இல்லை. முழுக்க ஆங்கிலம். பக்கத்தின் மொழி என்ற இடத்திலும் ஆங்கிலம் என்றே குறித்திருந்தது. நான் கொடுத்த தமிழை மெஷினில் போட்டு ஆங்கிலமாக்கியிருக்கிறான். செக்கு, செக் ஆனது அங்கேதான். அதற்கு மேல் ஒரு இலவச மொழிபெயர்ப்புப் பெட்டியை ஒட்டிவிட்டான். பொத்தானை அமுக்கினால் அந்தப் பெட்டி அந்த நிமிஷத்துக்கு எழுத்தை மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். நான் எழுதிய தமிழே ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த தமிழாகத்தான் என் பக்கத்தில் நிற்கிறது. மொழிக்குத் தனி முகவரி இல்லாததால், மலையாளத்தில் தேடுகிறவருக்கு எங்கள் பக்கம் கிடைக்கவே கிடைக்காது என்றும் சொன்னாள். இதற்கு 42,000 ரூபாய். டீச்சர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

இந்தியில் நல்லெண்ணெயை "அச்சா தேல்" என்று போட்டிருக்கிறது. எள் எண்ணெய்க்கு அங்கே தில் கா தேல் என்பார்கள். இதையாவது ஏதோ நல்ல எண்ணெய் என்று தாண்டிப் போய்விடுவார்கள். விளக்கெண்ணெயை ஆங்கிலத்தில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் என்று போட்டிருக்கிறான். ஆமணக்கு என்ற பேச்சே இல்லை. குழந்தைக்குத் தடவ வாங்குகிறவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? சாப்பாட்டுப் பொருள் விற்கிற இடத்தில் இப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது?

பாலக்காட்டுப் போன் வந்த அன்றிலிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் "கேச் க்ளியர் பண்ணுங்கக்கா" என்றான். மூன்று போனில் செய்து பார்த்தேன். அப்புறம் "உங்க போன்ல ஃபாண்ட் சரியில்ல". ஃபாண்ட் இல்லாவிட்டால் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், செக்கு எப்படிக் காசோலையாகும்? அப்புறம் டீச்சர் வீட்டில் துக்கம். கடைசியில் "மொழித் திருத்தம் தனி வேலை, 9,000 ஆகும்" என்றான். நேற்று மூலத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

அந்தத் தளத்திடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரே வரி. திரும்ப எழுதினால் அதே வரி திரும்ப வருகிறது. புகாரையே மூடிவிட்டார்கள். 64,000 ரூபாய். ஓண வியாபாரமும் போனது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் மூலத்தைத் திறந்து, அந்த மொழி எழுத்து உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த மொழி பேசுகிற ஒருவரைப் போனில் வைத்துப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தொழில் வார்த்தைகளுக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் போடவே போடாதீர்கள். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்களுடையது அவன் பெயரில் இருக்கிறது, அதனால் தப்பைத் திருத்தவும் முடியவில்லை, இழுத்து மூடவும் முடியவில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தாயிற்று. நுகர்வோர் உதவி எண் 1915க்கும் இன்று பேசப் போகிறேன். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அந்த வெப்சைட் இன்னும் எங்கள் பெயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஆர்டர் போடாதீர்கள். பாட்டில் லேபிளில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள், நான்தான் எடுப்பேன்.